மந்திரித்த பேனாவின் நாக்கு

செத்துப்போன பேனாக் கம்பெனிகளின் பெயர்களை மறுபடியும் சந்தைக்குக் கொண்டுவரும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். வாழ்த்தி நாலு வரி இருந்தால் போதுமாம். வாழ்த்துவதற்கு ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அதற்கு நான் எதற்கு? வேலையில் இருந்த காலம் முழுக்க வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். என்னிடம் சொல்ல இருப்பது ஒரு பரீட்சையைப் பற்றி மட்டுந்தான். கடற்கரை ஊரில் ஒரு மீன்காரியின் மகள் எழுதிய பரீட்சை. பொறுமையாக வாசியுங்கள்.

என் பெயர் புஷ்பம். நாகர்கோவிலில் தென்முனை பேனாக் கம்பெனியில், பேனாவை எழுதிப் பார்த்து வெளியே அனுப்புகிற மேசையில் இருந்தவள். தென்முனை எங்கள் அப்பா காலத்துப் பேனா. மாவட்டத்தில் வாத்தியார், வக்கீல், ஆபீஸ் கிளார்க் என்று யார் சட்டைப்பையைப் பார்த்தாலும் அதுதான் நிற்கும். பால்பாயிண்ட் வந்ததும் கம்பெனியை மூடிவிட்டார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு, வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய அருமனைக்காரர் ஒருவர் அந்தப் பெயரை வாங்கி மறுபடியும் பேனா செய்ய ஆரம்பித்தார். ரப்பர்த் தோட்டமும் வசதியும் உள்ள வீடு. பேசாமல் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனாலும் தன் அப்பா கையெழுத்துப் போட்ட பேனா கடையில் இல்லையே என்று அவருக்கு ஓர் ஆற்றாமை. எஞ்சினியர் சார் என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம்.

இந்தத் தொழிலில் ஒரு விஷயம் இருக்கிறது. யாரும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள், நான் சொல்கிறேன். புதுப் பெயரில் ஒரு பேனா வந்தால், வாங்குகிறவன் கடையிலேயே மூடியைத் திறந்து கிறுக்கிப் பார்ப்பான். உதறிப் பார்ப்பான். வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் எழுதிவிட்டுத்தான் நம்புவான். தென்முனை திரும்பி வந்தபோது ஒருவர்கூடக் கிறுக்கிப் பார்க்கவில்லை. "தென்முனையா? எங்க சாரு வச்சிருந்தாருல்லா! தாங்க" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். பழைய ஆட்கள் சம்பாதித்து வைத்த நம்பிக்கை அது. நாங்கள் அதற்கு ஒரு துரும்பையும் கிள்ளிப் போட்டதில்லை. எஞ்சினியருக்கு அதைப் பார்த்து ஒரே சந்தோஷம். எனக்கு அதுவே பயம்.

நான் சொல்லும் வருடம் இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. மாசி மாதம். மண்டைக்காட்டில் அம்மன் கோவில் திருவிழாவான கொடை நடந்துகொண்டிருந்தது. பிளஸ் டூ பரீட்சை நெருங்கியதும் பேனாவுக்குக் கடைக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள். மாணவர்களுக்கென்று நாங்கள் செய்த சின்னப் பேனா அது. குழலில் மை கொஞ்சந்தான் பிடிக்கும். நிப்புக்கு அடியில் மையைத் தாங்கி மெல்ல இறக்கிவிடும் ஒரு துண்டு இருக்கும் அல்லவா, எங்கள் பட்டறையில் அதை நாக்கு என்போம். அதுவரை நாக்கைக் கெட்டி ரப்பரில் நாங்களேதான் அறுத்துச் செய்தோம். அந்த அவசரத்தில் அது கட்டுப்படி ஆகவில்லை. எஞ்சினியர் வெளியூரில் பிளாஸ்டிக்கில் வார்த்த நாக்கை வாங்கிப் பூட்டச் சொன்னார். மேசைக்கு வந்த பேனாக்களில் மை நிறைந்திருந்தது, அழகாகவும் எழுதின. கடைகளுக்குப் போய்விட்டன.

முதல் பரீட்சை திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் நான் வீட்டில் இருந்து, எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்கு ஆண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் புது நாக்குப் பேனா ஒன்றைத்தான் அந்த வாரம் முழுக்கக் கையில் வைத்திருந்தேன். கரண்ட் போய், கையெல்லாம் வேர்த்து வடிந்தது. பேனாவில் மை பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். திடீரென்று பொளக்கென்று ஒரு பெரிய சொட்டு தாளின் நடுவில் விழுந்தது. துடைத்துவிட்டு எழுதினேன். இன்னொன்று விழுந்தது.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அப்படியே பஸ் ஏறி கம்பெனிக்குப் போய், அதே சரக்கில் மீதி இருந்த பேனாக்களை எடுத்து, பாதி மை ஊற்றி, உள்ளங்கையில் பிடித்து எழுதிப் பார்த்தேன். எடுத்தது அத்தனையும் துப்பியது. காலியான இடத்தில் இருக்கிற காற்று கைச்சூட்டில் விரிந்து மையைத் தள்ளுகிறது. ரப்பர் நாக்கு அதைத் தாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் நாக்கு தாங்கவில்லை. பரீட்சை அறையில் பிள்ளைகளின் கை இதைவிட அதிகமாக வேர்க்கும்.

எஞ்சினியருக்குப் போன் போட்டேன். அருமனையிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்தார். என் மேசையில் நின்றுகொண்டே அவரும் எழுதிப் பார்த்தார். அவர் வெள்ளைச் சட்டையிலேயே ஒரு சொட்டு விழுந்தது.

"மை நெறஞ்சிருந்தா துப்பாதுல்லா, அக்கா? எப்பவும் நெறச்சு வச்சுக்கிடணும்னு கடைக்காரங்ககிட்ட சொல்லிவிடலாம்."

"மூணு மணிக்கூர் எழுதுற பிள்ளை நடுவுல எந்திரிச்சு மைக்குப்பி கேக்குமா சார்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "நாளைக்கு நாம இத ஊரறியச் சொன்னா பேரு போச்சு. இது ஒருக்க செத்த பேரு. இன்னொருக்க செத்தா எழும்பாது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. கம்பெனியில் வேலை பார்த்த எங்கள் எல்லோருடைய சோறும் அந்தப் பெயரில்தான் இருந்தது. அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் முதலில் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் எங்கள் பேனாவைச் சோதித்து வாங்கவில்லை. பெயரை நம்பி வாங்கினார்கள். கிறுக்கிப் பார்த்து வாங்கியிருந்தால் பாதிப் பொறுப்பு அவர்களுடையது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இங்கே முழுப் பொறுப்பும் எங்கள் தலையில்தான். அதைத்தான் அவரிடம் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் எழுந்து கார்ச் சாவியை எடுத்தார். "பட்டறை ஆளுகளக் கூப்பிடுங்க. ரப்பர்ல நாக்கு அறுக்கச் சொல்லுங்க. நாம ஊரூரா போவோம்" என்றார்.

பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்துவிடலாம், இல்லாவிட்டால் அங்கேயே நாக்கை மட்டும் மாற்றிக் கொடுக்கலாம் என்பது எங்கள் திட்டம். தெரிந்த போதகர்கள், ஃபாதர்மார்கள் எல்லோரையும் போனில் பிடித்தோம். ஞாயிறு காலை ஆராதனையிலும் பூசையிலும் அறிவிப்பும் வந்துவிட்டது. கோவில் வாசல்களில் மேசை போட்டு ஆட்களை உட்கார வைத்தோம். மண்டைக்காட்டில் கொடைக்கு வருகிறவர்கள் இறங்குகிற பஸ் நிறுத்தத்திலும் ஒரு மேசை.

யாரும் வரவில்லை. அங்கொன்று இங்கொன்றாகச் சிலர் வந்தார்கள், அவ்வளவுதான்.

ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் பரீட்சைப் பேனா கடையிலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போகாது. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பீடத்தில் வைத்து ஃபாதர் செபம் சொல்லி மந்திரித்துக் கொடுப்பார். எங்கள் சபையில் தேர்வு ஜெபம் நடக்கும், பிள்ளைகள் பேனாவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இந்துக் குடும்பம் என்றால் அம்மன் நடையில் வைத்து எடுத்து, குங்குமம் தொட்டு வைப்பார்கள். எல்லாம் அதற்கு முந்தின வாரமே முடிந்துவிட்டது. பஸ் நிறுத்தத்து மேசையில் ஒருவர் என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னார், "அம்மைக்க நடையில வச்சு எடுத்த சாதனம். இனி அதுல வேற ஆளு கை வைக்கப்பிடாது கேட்டியளா?" கோபப்பட்டுச் சொல்லவில்லை, எனக்கு விவரம் பத்தாது என்று நினைத்துப் பொறுமையாகச் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது.

மத்தியானம் நானும் எஞ்சினியரும் மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊருக்குப் போனோம். அங்கே உள்ள ஃபாதர் வயதில் சின்னவர். காலையில் அறிவிப்பை இரண்டு தடவை வாசித்திருக்கிறார். ஒரு பேனாவும் வரவில்லை.

"நான் பிள்ளையளுக்காகத்தான் செபிச்சேன். நாக்க மாத்துனா செபம் போயிராதுன்னும் சொல்லிப் பாத்தாச்சு" என்றார். "நீங்க பிலோமி வீட்டுக்குப் போங்க. இந்த ஊருல தென்முனை வாங்குங்கன்னு வீடு வீடா சொன்னது அவதான். அவ மாத்தினா ஊரே மாத்தும்."

பிலோமி சைக்கிள் கூடப் போகாத சந்தெல்லாம் நடந்து மீன் விற்கிறவள். ஞாயிறு கடலுக்குப் போகாத நாள் என்பதால் வீட்டில் இருந்தாள். மகள் ஷைனி உள்ளே சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பிலோமி எங்களை உட்காரச் சொல்லி, பால் விடாத கட்டன் சாயா போட்டுத் தந்தாள். நான் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். கையில் கொண்டுபோன பேனாவில் பாதி மையோடு எழுதி, அது துப்புவதையும் காட்டினேன்.

அவள் அந்த நீலச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளின் பேனாவை எடுத்து வந்தாள். ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள்.

"அக்கா, இது செவ்வாய்க்கிழம செவ்வாய்க்கிழம அந்தோணியாருக்க காலடியில வச்சு நான் நோவேனா செபம் சொன்ன பேனா. நீங்க வேற பேனா தருவிய. போன செவ்வாய எனக்கு ஆரு தருவா?"

"பேனாவ மாத்தாண்டாம் பிலோமி. உள்ள இருக்க நாக்கு மட்டுந்தான். மூடி, குழலு, நிப்பு எல்லாம் இதேதான்."

"நாக்க புடுங்கிட்டு வேற நாக்கு வச்சா அது மந்திரிச்ச பேனாவா, வேற பேனாவா?"

கேட்டுவிட்டு அவள் எஞ்சினியர் பக்கம் திரும்பினாள்.

"சாரே, எனக்கு பாடம் எடுத்த டீச்சருக்க கையில தென்முனைதான் இருக்கும். எனக்கு பத்தாங்கிளாசு எழுத ஒத்துவரல்ல, அம்மைக்கு சொகமில்லாம போச்சு. எனக்க மோளு டீச்சருக்கு படிக்கணும், அந்தப் பேனாவுலதான் எழுதணும்னு வாங்கினேன். ஊருலயும் சொன்னேன். இப்போ நீங்க வந்து, பேரு அதுதான், உள்ள வேறங்கிய. அப்போ நான் வாங்கினது எது?"

எஞ்சினியர் தலையைக் குனிந்துகொண்டார். வளைகுடாவில் எத்தனையோ பெரிய மனிதர்களோடு பேசிப் பழகியவர். சாயாவைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

ஷைனி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "எம்மோ, மாத்தட்டும்மோ" என்றாள்.

"நீ போய் படி" என்றாள் பிலோமி. அதோடு பேச்சு முடிந்தது.

வெளியே வந்ததும் எஞ்சினியர் என் கையைப் பிடித்தார். "அக்கா, ஒண்ணு செய்வோம். நிப்பு சரியா இருக்கான்னு பாத்து தாறோம்னு சொல்லி வாங்குங்க. ஒரு நிமிசத்துல நாக்க மாத்திரலாம். அவங்களுக்குத் தெரியவே தெரியாது. பிள்ளைக்க பரீட்சையில்லா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். அவர் சொன்னதைச் செய்ய எனக்கு ஒரு நிமிடம் வேண்டாம், அரை நிமிடம் போதும். அந்தப் பிள்ளைக்கு நல்லது. தாய்க்குத் தெரியப்போவதில்லை. அந்தோணியாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. என் கை பரபரத்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அந்த வீட்டு வாசலில் மணலில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கடல் அன்றைக்கு இரைச்சலாக இருந்தது.

என்னைத் தடுத்தது பிலோமியின் கேள்விதான். பெயரைப் பழையபடி வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதைச் சொல்லாமல் மாற்றி, ஒரு தடவை அவள் கையில் கொடுத்தாகிவிட்டது. இப்போது நல்லதுக்கென்றே வைத்துக்கொண்டாலும், மறுபடியும் சொல்லாமல் உள்ளே மாற்றினால் அது இரண்டாம் தடவை. அதைச் செய்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சாயா நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வர எனக்கு முடியாது. "வேண்டாம் சார்" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

ஆனால் சும்மாவும் வர முடியவில்லை. திரும்ப உள்ளே போனேன். என் கைப்பையில் பழைய ரப்பர் நாக்கோடு அந்த வாரத்துக்கு முன்புவரை நான் எழுதிக்கொண்டிருந்த தென்முனை ஒன்று இருந்தது. அதே நீல மைதான். பிலோமி பார்க்கவே அதை ஷைனியிடம் நீட்டினேன்.

"இது மந்திரிச்சது இல்ல மக்கா. எழுதிப் பாத்தது. பெட்டியில கெடக்கட்டும். அது துப்பினா இத எடுத்து எழுது."

ஷைனி அம்மாவைப் பார்த்தாள். பிலோமி "கெடக்கட்டும்" என்றாள். எனக்கு அப்போது மனசு லேசாகிவிட்டது. முடிந்ததைச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

திங்கட்கிழமை எங்கள் ஆட்கள் எல்லோரும் ஆளுக்கொரு பள்ளிக்கூட வாசலுக்குப் போனார்கள், நாக்கும் சாமானுமாக. ஷைனி எழுதின பள்ளிக்கூடத்துக்கு நான் போனேன். உள்ளே முதல் மணி அடித்ததிலிருந்து கடைசி மணி வரை மதில் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாம் சொன்னேன். சொல்லும்போதே, முந்தின நாள் அம்மன் நடையை நம்பிய அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். நான் முகங்களைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன். ஒரு பெண் கையில் நீலம். இன்னொரு பையன் சட்டைப்பையெல்லாம் நீலம். ஷைனி வந்தாள். வலது கை விரல்கள், உள்ளங்கை, தாவணி முனை எல்லாம் நீலமாக இருந்தது.

"ஏட்டி! நான் தந்த பேனா என்னாச்சு? அதும் துப்பிச்சா?" என்று கத்தியேவிட்டேன்.

"இல்லக்கா. அது துப்பல்ல."

"பின்ன?"

"எனக்க பக்கத்து வரிசையில சுகந்தி. அவளும் தென்முனைதான். மண்டைக்காட்டம்மைக்க நடையில வச்சது. அவளுக்க பேனா முதல்ல துப்பிச்சு. முத தாளே போச்சு. அவ அழுதா. அப்போ எனக்க பேனா நல்லா எழுதிச்சு. அதுனால மிஸ்ஸுகிட்ட கேட்டு உங்க பேனாவ அவளுக்கு குடுத்தேன்."

"உனக்கு?"

"எனக்கது பொறவு துப்பிச்சு."

மிஸ் தன் பால்பாயிண்டைக் கொடுத்தார்களாம். நடுவில் மையின் நிறம் மாறினால் திருத்துகிறவர்கள் சந்தேகப்படுவார்களோ என்று பயந்து இவள் அதை வாங்கவில்லை. தாவணியில் துடைத்துத் துடைத்து எழுதியிருக்கிறாள். சொட்டு விழுந்த பதில்களை அடித்துவிட்டு மறுபடி எழுதியதில் நேரம் போய், கடைசிக் கட்டுரையைத் தொடக்கூட முடியவில்லை.

மார்க்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். அரசாங்க ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு இடம் வரவில்லை. அந்தக் கடைசிக் கட்டுரையின் மார்க்கு இருந்திருந்தால் வந்திருக்குமா என்று நான் கூட்டிப் பார்த்தேன். வந்திருக்கும். தனியாரில் படிக்க வைக்கிறேன் என்று எஞ்சினியர் எத்தனையோ தடவை போய்க் கேட்டார். பிலோமி ஒத்துக்கொள்ளவில்லை. ஷைனி வேறு படித்தாள், வேறு வேலைக்குப் போனாள், இப்போது நன்றாக இருக்கிறாள். டீச்சர் ஆகவில்லை. தென்முனை இரண்டாம் தடவை சாகவில்லை. விற்பனை படுத்தது, பிறகு பைய எழும்பியது. வெளியே வாங்கின நாக்கை எஞ்சினியர் அதன்பிறகு கையால் தொடவில்லை. கம்பெனி பிழைத்த கதையை உங்களிடம் பலர் சொல்லுவார்கள். அதில் ஷைனியின் பெயர் வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பிள்ளைக்கு ஒரு நல்ல பேனாவைக் கொடுத்துவிட்டு நான் மனசை லேசாக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஷைனிக்குத் தோன்றியது. என் கைப்பையில் இன்னொரு பேனா கிடந்திருக்கும், தேடியிருந்தால் அதையும் கொடுத்திருப்பேன். அன்றைக்கு அந்த மதில் ஓரத்தில் நின்று அதை நினைத்து எனக்கு அழுகை வந்தது. பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

பிலோமி வந்தாள். வியாபாரத்துக்குப் போன இடத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள், இடுப்பில் மீன் சருவப் பாத்திரம் இருந்தது. மகளின் கையைப் பார்த்தாள். தாவணியைப் பார்த்தாள். ஷைனியே எல்லாவற்றையும் சொன்னாள், சுகந்தியையும் சேர்த்து. சுகந்தி கொஞ்சம் தள்ளி என் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கம் வரலாமா வேண்டாமா என்று நின்றிருந்தாள்.

பிலோமி சருவத்தைக் கீழே இறக்கினாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, மகளின் பெட்டியிலிருந்து அந்தப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நாக்க மாத்து."

அதுவரை என்னை அக்கா என்றும் நீங்கள் என்றும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மதில் திட்டில் உட்கார்ந்து பேனாவின் கழுத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் நாக்கை உருவிவிட்டு ரப்பர் நாக்கைப் பூட்டினேன். தூக்கத்தில்கூடச் செய்யக்கூடிய வேலை. அன்றைக்கு இரண்டு தடவை விரலிலிருந்து நழுவியது. பூட்டி முடித்து, மை ஊற்றுவதற்காகக் குப்பியைத் திறந்தேன்.

"மை ஊத்தாத. பாதியிலதான துப்பும்? இப்படியே எழுது. நான் பாக்கணும்."

தாளை மடியில் விரித்தேன். "என்ன எழுதட்டும் பிலோமி?"

"எனக்க பிள்ளைக்க பேர எழுது."

ஷைனி என்று எழுதினேன். மறுபடி எழுதினேன். வெயிலில் கை வேர்த்து, பேனா சூடாகிக்கொண்டே வந்தது. அவள் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு பக்கம் முடிந்தது, திருப்பிப் போட்டு எழுதினேன். வேறு தாய்மாரும் பிள்ளைகளும் சுற்றி வந்து நின்றார்கள். கையில் எல்லோருக்கும் பேனா இருந்தது. ஷைனி, ஷைனி என்று தாள் நிறைந்து, எழுத இடமில்லாமல் போனது. சொட்டு விழவில்லை.

பிலோமி தாளை வாங்கிப் பார்த்தாள். கடைசி வரியில் விரலை வைத்துத் தேய்த்தாள், பிறகு விரலைத் திருப்பிப் பார்த்தாள். பேனாவை மகளிடம் கொடுத்தாள். தள்ளி நின்றிருந்த சுகந்தியைக் கையைப் பிடித்து அழைத்து வந்து என் முன்னால் நிறுத்தி, குங்குமம் தொட்ட அவள் பேனாவை வாங்கி என் மடியில் வைத்தாள்.

"இவளுக்க பேரு சுகந்தி" என்றாள். "எழுது."